பெற்றோர் கப்பலில், பிள்ளை பாட்டி வீட்டில்: பயணத்திற்கு முன் முடிக்க வேண்டிய வங்கிப் பணிகள்

மும்பைக் குடும்பங்களுக்குக் கப்பல் பயணம் இன்று எட்டாத ஒன்றன்று. 2018 அக்டோபரில் ‘ஆங்ரியா’ என்னும் கப்பல் மும்பைக்கும் கோவாவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 2021 செப்டம்பரில் கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ சொகுசுக் கப்பல் மும்பையிலிருந்து கோவா, கொச்சி, இலட்சத்தீவு ஆகிய இடங்களுக்குப் பயணங்களைத் தொடங்கியது. 2025 செப்டம்பரில் இந்திரா டாக் பகுதியில் புதிய பன்னாட்டுக் கப்பல் முனையம் திறந்துவைக்கப்பட்டது.

திருமணமாகிச் சில ஆண்டுகள் கழித்து, கணவனும் மனைவியும் சில நாள்கள் தனியே சென்றுவர விரும்புவது இயல்பே. குழந்தை தாத்தா பாட்டியிடம் இருக்கும். செம்பூரில் வாழும் தம்பதியர் மாட்டுங்காவிலுள்ள பெற்றோரிடம் குழந்தையை விடுவர். தாராவியில் வாழ்பவர்கள் பெற்றோரைத் திருநெல்வேலியிலிருந்து இரயிலில் வரவழைப்பர். குழந்தைக்கு எது பிடிக்கும், எப்போது உறங்கும் என்பதையெல்லாம் பாட்டிக்கு யாரும் எழுதித்தர வேண்டியதில்லை. ஆனால் பணமும் பத்திரமும் சார்ந்த சிலவற்றை எழுதித்தான் வைக்க வேண்டும். அவை எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அன்பு வேறு, சட்ட உரிமை வேறு

தாத்தாவும் பாட்டியும் குழந்தையை வளர்க்கலாம். எனினும் அவர்கள் சட்டத்தின் பார்வையில் ‘இயற்கைக் காப்பாளர்’ அல்லர். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்று கூறுகிறது. இந்த வரிசையில் தாயே ஒரு காலத்தில் தம் உரிமையை நிலைநாட்டப் போராட வேண்டியிருந்தது.

கோயம்புத்தூரில் பிறந்து, பம்பாயிலும் மணிலாவிலும் வளர்ந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984 டிசம்பரில் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் கடன்பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். காப்பாளராகத் தாம் கையெழுத்திட்டார். கணவரும் அதற்கு இசைந்திருந்தார். ஆயினும் தந்தையின் கையெழுத்து அல்லது காப்பாளர் சான்றிதழ் வேண்டும் என்று விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1999 பிப்ரவரி 17 அன்று வந்த தீர்ப்பு, ‘அவருக்குப் பின்’ என்னும் தொடருக்குத் ‘தந்தை இறந்த பின்’ என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது என்றது. தந்தை அருகில் இல்லாதபோதும், குழந்தையின் பொறுப்பைத் தாய் ஏற்றிருக்கும்போதும் தாயே காப்பாளராகச் செயற்படலாம் என்றது.

இத்தீர்ப்பு தாய்க்கு வழி திறந்தது. தாத்தா பாட்டிக்கு அத்தகைய வழி இல்லை. சுகன்யா சம்ருத்தி (செல்வமகள்) கணக்கை எடுத்துக்கொள்வோம். பேத்தியின் மீதுள்ள பாசத்தால் பல தாத்தா பாட்டியர் தம்மையே காப்பாளராகக் காட்டி இக்கணக்கைத் தொடங்கியிருந்தனர். அவர்கள் நீதிமன்றம் நியமித்த காப்பாளராக இல்லாவிடில், அத்தகைய கணக்குகளின் காப்பாளர் பொறுப்பைப் பெற்றோருக்கு மாற்ற வேண்டும் என்னும் நெறிமுறை 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் மகளின் கணக்கு அத்தகையதாக இருந்தால், உரிய கிளைக்கோ அஞ்சலகத்திற்கோ சென்று சரிசெய்துகொள்ளுங்கள்.

இச்சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியக் குடும்பங்களுக்கு உரியது. கிறித்தவ, இசுலாமியக் குடும்பங்களுக்குக் காப்பாளர் விதிகள் வேறுபடும். அவர்கள் வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நலம்.

பயண நாள்களுக்கான பணம்

கரையை விட்டுக் கப்பல் விலகியதும் கைப்பேசித் தொடர்பு அறுந்துவிடும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லாகிய ஓ.டி.பி. உங்களை வந்தடையாது. “தேவைப்பட்டால் இங்கிருந்தே அனுப்பிவிடுவேன்” என்று பெற்றோரிடம் கூறிச் செல்வது போதாது. பணம் முன்னரே அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

குழந்தையின் கணக்கில் பணம் இருக்கிறதே என்று சிலர் எண்ணுவர். 10 வயது நிறைந்த பிள்ளைகள், வங்கி வகுக்கும் வரம்புக்குட்பட்டுத் தம் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்கலாம் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. அதனினும் சிறிய குழந்தையின் கணக்கைக் காப்பாளராகிய நீங்கள் மட்டுமே இயக்க முடியும். நீங்கள் கடலில் இருக்கும்போது அப்பணம் பாட்டிக்குப் பயன்படாது.

நேரிய வழி, செலவுக்கும் அவசரத்திற்குமாக ஒரு தொகையைத் தாத்தாவின் அல்லது பாட்டியின் சொந்தச் சேமிப்புக் கணக்கிற்கு மாற்றிவைப்பதே. உங்கள் டெபிட் அட்டையையும் இரகசிய எண்ணையும் அவர்களிடம் கொடுத்துச் செல்லாதீர்கள். இரகசிய எண்ணை எவருடனும் பகிரலாகாது என்பது நீங்கள் கையெழுத்திட்டு ஏற்ற நிபந்தனை. அதை மீறியபின் பணம் பறிபோனால், இழப்பை நீங்களே ஏற்க நேரிடும்.

திறன்பேசி பயன்படுத்தும் பெற்றோருக்கு ‘யு.பி.ஐ. சர்க்கிள்’ வசதியும் உண்டு. உங்கள் கணக்கிலிருந்து மற்றொருவர் பணம் செலுத்த நீங்கள் அளிக்கும் அனுமதி இது, 2024-இல் அறிமுகமானது. இதில் இரு வகைகள் உள்ளன. பகுதி ஒப்படைப்பில் ஒவ்வொரு செலவுக்கும் நீங்கள் ஒப்புதல் தர வேண்டும். கப்பலில் இருப்பவருக்கு அது உதவாது. முழு ஒப்படைப்பில், மாதம் ரூ.15,000 என்னும் உச்சவரம்புக்குள் அவர்களே செலுத்தலாம். உங்கள் செயலியில் இவ்வசதி உள்ளதா என்று பார்த்து, பயணத்திற்கு ஒரு வாரம் முன்பே காய்கறிக் கடையில் ஒருமுறை பயன்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

பயண நாள்களில் வரும் தவணைகளையும் கவனியுங்கள். தானியங்கிப் பற்று ஏற்பாடு செய்திருந்தால், பொதுவாக ரூ.15,000 வரையிலும், காப்பீட்டுப் பிரீமியம், பரஸ்பர நிதி, கடன் அட்டைக் கட்டணம் ஆகியவற்றுக்கு ரூ.1 இலட்சம் வரையிலும் ஓ.டி.பி. இன்றியே பணம் செல்லும். அதற்கு மேற்பட்ட தொகையை முன்கூட்டியே செலுத்திவிடுங்கள்.

இன்னொன்றையும் பெற்றோரிடம் சொல்லிவையுங்கள். “உங்கள் மகன் ஆபத்தில் இருக்கிறார், உடனே பணம் அனுப்புங்கள்” என்று அழைத்து மிரட்டும் மோசடிகள் பெருகியுள்ளன. உங்களைத் தொலைபேசியில் பிடிக்க முடியாத நாள்களில் அத்தகைய அழைப்பை அவர்கள் எளிதில் நம்பிவிடக்கூடும். கப்பல் நிறுவனத்தின் அலுவலக எண்ணையும், இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்னும் எண்ணையும் தொலைபேசி அருகே எழுதி ஒட்டுங்கள்.

மருத்துவமனை வாயிலில்

குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டால், தாத்தா கையில் மூன்று தாள்கள் இருக்க வேண்டும். முதலாவது, குழந்தையின் பெயர் இடம்பெற்ற மருத்துவக் காப்பீட்டு அட்டையின் படி. அதனுடன் வீட்டிற்கு அருகே ரொக்கமின்றிச் சிகிச்சை பெறத்தக்க மருத்துவமனைகளின் பெயர்கள். இரண்டாவது, இரத்தப் பிரிவு, ஒவ்வாமை, தடுப்பூசி விவரம், வழக்கமான குழந்தை மருத்துவரின் எண் ஆகியவை அடங்கிய குறிப்பு. மூன்றாவது, பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம்: இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை குழந்தை இவர்கள் பொறுப்பில் இருக்கிறது, சிகிச்சைக்கு இவர்கள் ஒப்புதல் தரலாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். 12 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சட்டப்படி தம் பொறுப்பில் வைத்திருப்பவர், குழந்தையின் நலன் கருதி நல்லெண்ணத்துடன் அளிக்கும் ஒப்புதலை நம் குற்றவியல் சட்டம் ஏற்கிறது. அப்பொறுப்பு அவர்களிடம் இருப்பதற்கு இக்கடிதம் சான்றாகும்.

இருவரும் ஒரே கப்பலில்

இனிக் கூறுவது எவரும் எண்ண விரும்பாதது. எனினும் கிளையில் நாள்தோறும் கணக்குப் படிவங்களைக் காண்பவர்கள் இதைச் சொல்லாமல் இருக்க இயலாது. பெரும்பாலான கணக்குகளில் கணவருக்கு மனைவியும், மனைவிக்குக் கணவரும் நியமனதாரர்களாக, அதாவது நாமினிகளாக உள்ளனர். ஒருவர் இல்லாதபோது மற்றவர் இருப்பார் என்னும் எண்ணத்தில் அமைந்த ஏற்பாடு இது. இருவரும் சேர்ந்து பயணம் செய்யும் நாள்களில் மட்டும் அந்த எண்ணம் பொருந்தாது.

கூட்டுக் கணக்கிற்கும் இது பொருந்தும். ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்னும் முறையில் இயங்கும் கணக்கில், கணக்காளர் இருவரும் இல்லாத நிலையில்தான் நியமனதாரருக்கு உரிமை எழும். ஆகவே அவ்விடத்தில் மூன்றாம் நபர் ஒருவர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும்.

இதற்கு இப்போது நல்ல வசதி வந்துள்ளது. 2025 நவம்பர் 1 முதல், வைப்புக் கணக்கு ஒவ்வொன்றிற்கும் நால்வர் வரை நியமிக்கலாம். நால்வருக்கும் விழுக்காடு வகுத்து ஒரே சமயத்தில் பங்கிடலாம். அல்லது ஒருவர் இல்லையேல் அடுத்தவர் என்று வரிசைப்படுத்தலாம். பாதுகாப்புப் பெட்டகத்திற்கு வரிசை முறை மட்டுமே உண்டு. தனிக் கணக்காயின் முதலில் மனைவி, அடுத்துக் குழந்தை, அதனையடுத்துத் தாத்தா என்று எழுதலாம். குழந்தையை நியமிக்கும்போது, அது வயதடையும் வரை தொகையைப் பெற்றுக்கொள்ள வயது வந்த ஒருவரைக் குறிப்பிட வேண்டும். அவ்விடத்தைக் காலியாக விடாதீர்கள்.

நியமனதாரர் வங்கியிடமிருந்து தொகையைப் பெற உரிமையுடையவர். அதனாலேயே அதன் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். உயில் இல்லாவிடில் வாரிசுரிமைச் சட்டமே பங்கை முடிவு செய்யும். ஓர் எடுத்துக்காட்டு: கணவர் மூத்தவர், மனைவி இளையவர், 6 வயது மகள் ஒருத்தி. கணவரின் தாயார் உயிருடன் உள்ளார். கணவர் தாமே ஈட்டிய ரூ.30 இலட்சம் வங்கியில் உள்ளது. ஒரே விபத்தில் இருவரும் இறந்து, முதலில் இறந்தவர் யார் எனத் தெரியாவிடில், இளையவரே பின்னர் இறந்தார் என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கொள்ளும். அதன்படி கணவரின் பணம் தாயார், மனைவி, மகள் மூவருக்கும் ரூ.10 இலட்சம் வீதம் பிரியும். மனைவியின் பங்கு பின்னர் மகளைச் சேரும். ஆக மகளுக்கு ரூ.20 இலட்சம், பாட்டிக்கு ரூ.10 இலட்சம். பங்கு தெளிவாகிவிட்டது. ஆனால் மகளின் ரூ.20 இலட்சத்தை நிருவகிக்க, 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி தாத்தாவும் பாட்டியும் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். பிள்ளைகளை இழந்த துயரத்திடையே, பேத்தியின் பள்ளிக் கட்டணத்திற்காக அவர்கள் ஏற வேண்டிய படிகள் அவை.

உயில்: இரண்டு பக்கப் பாதுகாப்பு

அந்தச் சுமையைக் குறைப்பது உயில். அதனை வெள்ளைத் தாளில் எழுதலாம், பதிவு கட்டாயமன்று. இரு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். உயிலால் பயன்பெறாதவர்கள் சாட்சியாக இருப்பது நலம். சொத்து எவருக்கு என்பதுடன், குழந்தைக்குக் காப்பாளர் யார் என்பதையும் அதில் எழுதலாம்; 1956-ஆம் ஆண்டின் சட்டம் தன் 9-ஆம் பிரிவில் அவ்வுரிமையைப் பெற்றோருக்குத் தருகிறது. தாய் உயிருடன் இருக்கையில் தந்தை செய்த நியமனம் செயற்படாது. தாயும் உயில்வழி ஒருவரை நியமித்துச் சென்றிருந்தால் அவரே காப்பாளர். ஆகவே கணவனும் மனைவியும் தனித்தனியே உயில் எழுதி, இரண்டிலும் ஒரே பெயரைக் குறிப்பிடுவது சிறந்தது.

யாருடைய பெயர் என்பதில் சற்று நிதானம் தேவை. குழந்தைக்கு வயது 6, தாத்தாவுக்கு 72 என்றால், அது வயதடையும்போது தாத்தாவுக்கு 84. அவர் இப்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள முழுத் தகுதி உடையவர்தாம். எனினும் அவருக்கு அடுத்ததாகச் சித்தியோ மாமாவோ ஒருவரின் பெயரையும் சேருங்கள். எழுதுமுன் அவரிடம் கேட்டு இசைவு பெறுங்கள்.

ஆயுள் காப்பீட்டையும் மறவாதீர்கள். 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் ஆகியோர் நியமனதாரராக இருந்தால் அத்தொகை அவர்களுக்கே உரியது. அங்கும் குழந்தைக்காகத் தொகை பெறுபவரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பயணத்திற்கு முன் சரிபார்க்க

நான்கு வாரம் முன்பு:
• எல்லாக் கணக்குகள், வைப்புகள், பெட்டகம், காப்பீடு ஆகியவற்றின் நியமனங்களைத் திருத்துதல்.
• இருவரும் உயில் எழுதுதல்.

இரண்டு வாரம் முன்பு:
• பெற்றோர் கணக்கிற்குப் பணம் மாற்றுதல், யு.பி.ஐ. ஒப்படைப்பைச் சோதித்தல்.
• தவணைகளையும் பள்ளிக் கட்டணத்தையும் செலுத்துதல்.
• கடல் பயணத்தையும் உள்ளடக்கிய பயணக் காப்பீடு எடுத்தல்.

முந்தைய நாள்:
• அதிகாரக் கடிதம், காப்பீட்டு அட்டைப் படி, மருத்துவக் குறிப்பு ஆகியவற்றை ஒரே உறையில் இட்டுப் பெற்றோரிடம் தருதல்.
• பயணத் திட்டம், கப்பல் அலுவலக எண், உயில் இருக்கும் இடம், கணக்குகளின் பட்டியல் ஆகியவற்றையும் அதே உறையில் சேர்த்தல். கடவுச்சொற்களை மட்டும் சேர்க்க வேண்டா.

இவற்றுள் நியமனத் திருத்தத்திற்கு எங்கள் வங்கி கட்டணம் எதுவும் பெறுவதில்லை. படிவம் எந்தக் கிளையிலும் கிடைக்கும். தமிழில் விளக்கம் வேண்டுவோர் மாட்டுங்கா, செம்பூர், தாராவிக் கிளைகளில் கேட்கலாம். கூட்டுக் கணக்கின் படிவத்தில் கணக்காளர் அனைவரும் கையெழுத்திட வேண்டுமாதலால், பயணச்சீட்டுப் பதிவு செய்த வாரத்திலேயே இருவரும் சேர்ந்து ஒருமுறை கிளைக்கு வாருங்கள்.