மந்திரி வீடு தேடி வருவார்

அன்புள்ள மலர்,

"ஏழைக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுப்பதுதானே மாமா நியாயம்?" என்று கேட்டிருக்கிறாய். உன் வயதில் நானும் அதையே சொல்லித் திரிந்தவன். இந்தோனேசியாவின் பாங்க் ராக்யாத் கதை தெரிந்த பிறகுதான் அடங்கினேன்.

1970-களில் அந்த வங்கி நெல் விவசாயிகளுக்காக ஊர் ஊராக 'யூனிட்' என்ற சிறு கிளைகளைத் திறந்தது. அரசு சொன்னபடி கடனுக்கு வட்டி 12 சதவீதம். சேமிப்புக்கோ 15! பதினைந்துக்கு வாங்கிப் பன்னிரண்டுக்கு விற்கிற கடையில் எந்த மேனேஜர் டெபாசிட் பிடிக்க அலைவார்? கடன் வாங்கியவர்களும் அரசாங்கப் பணம்தானே என்று கட்டாமல் விட்டார்கள். யூனிட்களை இழுத்து மூடலாமா என்றுகூட யோசித்தார்கள்.

1983-இல் வட்டிக் கட்டுப்பாடு தளர்ந்தது. மறு வருஷமே 'குப்பெடெஸ்' கடன் வந்தது. நெல்லுக்கு மட்டுமில்லை, பெட்டிக்கடைக்கும் உண்டு. வாங்கிய தொகைக்கு மாதம் 2 சதவீதம் வட்டி. ஆறு மாதம் தவணை தவறாமல் கட்டினால் அந்த வட்டியில் கால்பங்கு திரும்பக் கைக்கு வரும்.

அநியாயமாகத் தெரிகிறதா? கணக்குப் போடு. 5,000 ரூபாய்க் கடனுக்கும் 5 லட்சத்துக்கும் ஒரே விண்ணப்பம்தான், நேரில் போய்ப் பார்க்கும் பெட்ரோலும் ஒன்றுதான். அந்தச் செலவு 300 ரூபாய் என்று வை. பெரிய கடனில் அது கண்ணிலேயே படாது. சின்னதில் ஆறு சதவீதம் போய்விடும்.

ஆகவே செலவை இறுக்கிப் பிடித்தார்கள். சின்ன யூனிட்டில் நாலே பேர். கடன் கொடுக்கிறவருக்கு அங்கே 'மந்த்ரி' என்று பெயர். நம் மந்திரியேதான், கொடி வைத்த கார் மட்டும் கிடையாது. மோட்டார் சைக்கிளில் கடைக்கும் வீட்டுக்கும் அவரே போவார். ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி லாப நஷ்டக் கணக்கு, லாபத்தில் ஊழியர்களுக்கும் பங்கு.

எனக்குப் பிடித்தது 'சிம்பெடெஸ்' சேமிப்பு. பழைய திட்டத்தில் மாதம் இரண்டு தடவைதான் பணம் எடுக்கலாம். தினம் வாங்கி விற்கிற காய்கறிக்காரிக்கு அது எதற்கு? புதியதில் எத்தனை தடவையும் எடுக்கலாம், பரிசுக் குலுக்கல் வேறு. 1986-இல் யூனிட்கள் லாபத்துக்கு வந்தன. 1989-க்குள் சேமிப்பு கடனை மிஞ்சியது. 1997-98 நிதி நெருக்கடியில் பல வங்கிகள் மூடப்பட்டபோது, ஜனங்கள் பணத்தை இந்த யூனிட்களுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் நம் நாட்டு மைக்ரோஃபைனான்ஸ் கம்பெனிகள் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க முடியாது. சில கம்பெனிகள் சிறு நிதி வங்கியாக மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். நீ வேலைக்குச் சேர்ந்திருக்கும் இடத்தில் கடன் கொடுக்கிற பணம் எங்கிருந்து, என்ன வட்டிக்கு வருகிறது? விசாரித்து எழுது.

அன்புடன்,
மாமா