ஈறில் ரத்தம் வந்தால் பிரஷை நிறுத்தாதீர்கள்

கேள்வி: பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்கிறார்கள். எனக்குச் சர்க்கரையும் உண்டு. என்ன செய்வது?

பதில்: ரத்தம் வரும் இடத்தைத் தொடப் பயந்து விட்டுவிடாதீர்கள். அங்கேதான் கிருமிப் படலம் தங்கியிருக்கிறது. அதை எதிர்க்க நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. அவை வெளியிடும் நொதிகளில் ஒன்று எம்எம்பி-8. கொலாஜனை வெட்டுவது அதன் வேலை. பழைய திசுவை அகற்றிப் புண்ணை ஆற்ற அது அளவோடு தேவை. படலம் மாதக்கணக்கில் கிடந்தால் நொதியும் ஓயாது. பல்லை எலும்போடு பிணைக்கும் கொலாஜன் நார்கள் அறுபடும், எலும்பும் கரையும். பல் ஆடுவது இதனால்தான். ஸ்கேலிங்கால் அல்ல. ஏற்கெனவே பிடிப்பு இழந்த பல்லை, படலம் இறுகிய காரை ஒட்டி நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். சில நாள் பல் கூசலாம்.

மென்மையான பிரஷை ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சிறு அசைவுகளாகத் தேயுங்கள். காலை, இரவு இரண்டு வேளையும் இரண்டு நிமிடம். பல் இடுக்குக்கென்று விற்கும் சின்ன பிரஷும் வேண்டும்.

கட்டுப்படாத சர்க்கரை ஈறு நோயை முற்ற வைக்கும்; ஈறு அழற்சி சர்க்கரையை ஏற்றும். ஈறு சிகிச்சைக்குப் பின் எச்பிஏ1சி என்ற சர்க்கரை அளவு ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. புகைப்பவர்களுக்கு ரத்தம் அதிகம் கசியாமலே நோய் முற்றலாம்.

எம்எம்பி-8 நொதியை அடக்க மருந்தும் உண்டு: 20 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின், தினம் இரு வேளை. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கிருமியைக் கொல்லாத அளவு அது. ஸ்கேலிங்குக்குத் துணை மட்டுமே. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக 100 மில்லிகிராம் வாங்கிப் போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இது பொதுவாக ஆகாது.

பல் டாக்டரிடம், “ஈறுப் பையின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர்?” என்று கேளுங்கள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அது. மூன்றுக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. நான்கும் அதற்கு மேலும் என்றால் ஆழமான சுத்தம் தேவைப்படலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரானால் அதை முன்பே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சீழோ ஆட்டமோ தெரிந்தால் நாள் கடத்த வேண்டாம்.