நெல்லியாம்பதி ஏற்றமும் பழைய டர்போவும்

கேள்வி: என் 2010 ஃபார்ச்சூனர் நெல்லியாம்பதி ஏறும்போது திணறுகிறது. பெரிய இன்டர்கூலரும் பானட்டில் அகலமான ஸ்கூப்பும் வைத்தால் சரியாகுமா?
— வாசகர், கொல்லங்கோடு

பதில்: அவசரப்பட்டு பானட்டை வெட்டிவிடாதீர்கள். உங்கள் வண்டியில் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே இருக்கிறது. இப்போதுள்ள ஸ்கூப் அதற்குக் காற்று ஊட்டத்தான். முழு அழுத்தத்தில் டர்போவிலிருந்து வரும் காற்று 100 டிகிரியைத் தாண்டிவிடும். அது ஆறினால்தான் அடர்த்தி கூடும், இழுவை வரும். ஆனால் போத்துண்டி அணை தாண்டி, வளைவுகளில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது எவ்வளவு பெரிய ஸ்கூப்பிலும் காற்று வேகமாகப் புகாது. பெரிய இன்டர்கூலரை நிரப்பவும் நேரமாகும். மிதித்தவுடன் கிடைக்கும் இழுவை இன்னும் தாமதப்படும்.

முதலில் பானட்டைத் திறந்து, ஸ்கூப்புக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே உள்ள பட்டையை விரலால் தொட்டுப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால், வரும் காற்றெல்லாம் பக்கவாட்டில் வீணாகிறது. அடுத்து, டர்போ குழாய்களின் கிளிப்புகளில் சோப்பு நுரை தடவி, ஒருவரை ஆக்சிலரேட்டர் மிதிக்கச் சொல்லுங்கள். குமிழி வந்தால் அங்கேதான் கசிவு. ஏற்றத்தில் கறுப்புப் புகையும் விசில் சத்தமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இன்டர்கூலர் தகடுகளில் படிந்த புழுதியையும் மெதுவாகக் கழுவுங்கள்; அழுத்த நீர் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும்.

சட்டமும் இருக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில்தான், தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டையையும் குழாயையும் மாற்றிவிட்டு, ஒருமுறை மலை ஏறிப் பார்த்து எழுதுங்கள்.