கைகாட்டியை இயக்கிய கேபின்கள்

நம் சங்கத்துக் குடும்பங்களில் ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் பலர். அவர்களுக்குக் ‘கேபின்’ என்றால் விளக்கம் தேவையில்லை. நிலையத்தின் கோடியில் மாடிவீடு போல நின்று, கைகாட்டியையும் பாயிண்டையும் இயக்கிய கட்டடம். இதன் பிறப்பிடமான இங்கிலாந்தில் ‘சிக்னல் பாக்ஸ்’ என்பார்கள்.

அங்கே ஷ்ரூஸ்பரி நகரில் செவர்ன் பிரிட்ஜ் ஜங்ஷன் கேபின் இருக்கிறது. 1903இல் கட்டியது, 180 லீவர்கள் கொண்டது. கையால் லீவர் இழுத்து இயக்கும் கேபின்களில் உலகிலேயே பெரியது என்று பெயர் பெற்றது. பாதைகள் பிரியும் இடத்தில், எல்லாத் தண்டவாளங்களும் கண்ணில் படும்படி உயரமாகக் கட்டியிருக்கிறார்கள்.

கேபினின் வடிவம் அழகுக்காக வந்ததல்ல. மேல்மாடி முழுக்கக் கண்ணாடி, ஏனென்றால் வண்டியின் கடைசிப் பெட்டியில் விளக்கு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும். அது இல்லையென்றால் பாதி வண்டி வழியில் கழன்று நிற்கிறது என்று பொருள்! லீவர்களுக்கும் நிறம் உண்டு: நிற்கச் சொல்லும் சிக்னலுக்குச் சிவப்பு, தொலைவிலிருந்து எச்சரிப்பதற்கு மஞ்சள், பாயிண்டுக்குக் கறுப்பு. கை வியர்வை பட்டால் எஃகுப் பிடி துருப்பிடிக்கும் என்பதால் துணியைச் சுற்றித்தான் பிடிப்பார்கள்.

உண்மையான விஷயம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அங்கே இரும்புச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அலுவலக இரும்பு அலமாரியில் ஓர் இழுப்பறையைத் திறந்தால் மற்றவை பூட்டிக்கொள்ளும் அல்லவா? அதுபோல, ஒரு பாதைக்கு லீவர் இழுத்துவிட்டால் அதற்கு முரணான பாதைக்குரிய லீவர் அசையாது. மனிதன் தவறு செய்ய நினைத்தாலும் இரும்பு விடாது. இதற்கு ‘இன்டர்லாக்கிங்’ என்று பெயர். ஜான் சாக்ஸ்பி 1856இல் இத்துறையில் காப்புரிமை பெற்றார். 1889இல் அயர்லாந்தின் அர்மா நகருக்கருகே நேர்ந்த விபத்தில் சுமார் 80 பேர் இறந்தனர். அதே ஆண்டு பிரிட்டனில் பயணிகள் பாதைகளுக்கு இதைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. சாக்ஸ்பி அண்ட் ஃபார்மர் நிறுவனம் கல்கத்தாவிலும் இயங்கியதால், இந்தப் பெயரை நம் ரயில்வே பெரியவர்களும் அறிவார்கள்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு, நூற்றுக்கணக்கான கேபின்களின் வேலையைச் சில கட்டுப்பாட்டு மையங்களுக்கு மாற்ற அங்கே திட்டமிட்டார்கள். பாதுகாப்புக்கு அது நல்லதுதான். குறை சொல்ல முடியாது. இடித்துத் தள்ளுவதற்குள் 2013இல் 26 கேபின்களைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக அறிவித்தார்கள். ஆனால் சுவரையும் கூரையையும் காப்பாற்றி, உள்ளேயிருக்கும் லீவர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கண்ணாடி வைத்த வெறும் அறைதான்.

செயின்ட் ஆல்பன்ஸ் நகரத்தார் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 1892இல் கட்டிய, 44 லீவர் கொண்ட கேபின் அவர்களுடையது. வேலை நின்றபின் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. 2003இல் ஓர் அறக்கட்டளை அமைத்துத் தொண்டர்களே பழுது பார்த்து, 2008இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இன்று அங்கே செல்லும் குழந்தைகள் லீவரை இழுத்துப் பார்க்கலாம். பக்கத்திலேயே நிஜ வண்டிகள் ஓடுகின்றன.

நம் நாட்டிலும் லீவர் கேபின்கள் வேகமாக மறைந்து வருகின்றன. உங்கள் வீட்டில் கேபினில் வேலை பார்த்த தாத்தாவோ மாமாவோ இருந்தால், விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். அவருடைய கேபினின் படத்தை வரையச் சொல்லி, எந்த எண் லீவர் எதற்கு என்று குறித்து வாங்கி வாருங்கள்.