கிட்னித் தழும்பை ஸ்கேனில் அளக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 48 வயது, ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி. மூன்று வருடம் முன்பு பயாப்சியில் 30 சதவீதம் தழும்பு என்றார்கள். இப்போது கிரியேட்டினின் 1.9. மறுபடி ஊசி குத்திக்கொள்ளப் பயமாக இருக்கிறது. என் தம்பிக்குக் கல்லீரலுக்கு ஃபைப்ரோஸ்கேன் எடுத்தார்கள், சில நிமிடத்தில் முடிந்தது. அதுபோலக் கிட்னிக்கு எதுவும் இல்லையா டாக்டர்?

பதில்: நம்பி எழுதிக்கொடுக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

ஃபைப்ரோஸ்கேன் மெல்லிய அதிர்வு ஒன்றை உள்ளே அனுப்பி, அது ஓடும் வேகத்தைப் பார்க்கிறது. தழும்பு கூடினால் கல்லீரல் இறுகும், வேகமும் கூடும். சிறுநீரகத்தில் இந்தக் கணக்கு உதைக்கிறது. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. அந்த ரத்தமே அவற்றை விறைப்பாக வைத்திருக்கிறது. நோய் முற்ற முற்ற ரத்த ஓட்டம் குறையும். தழும்பு ஒரு பக்கம் இறுக்க, ரத்தம் வற்றி மறுபக்கம் தளர, எண் பழையபடியே நிற்கலாம், இறங்கக்கூடச் செய்யலாம். இறங்கியதைப் பார்த்து 'குணமாகிறது' என்று சந்தோஷப்பட்டால் என்ன ஆவது?

எம்.ஆர்.ஐ. மீது எனக்கு நம்பிக்கை கூடுதல். திசுவுக்குள் நீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று அளப்பார்கள். தழும்பு மண்டிய இடத்தில் நகர்வு குறையும். காடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றத் தேவையில்லை. பயாப்சி ஊசியில் வருவது நூல் போன்ற துணுக்கு; இதில் முழுச் சிறுநீரகமும் தெரியும். ஆனால் அழற்சியும் ரத்தக்குறைவும் இதே எண்ணை இறக்கிவிடும். மெஷினுக்கு மெஷின் அளவும் மாறுகிறது. அதனால் இன்னும் ஆராய்ச்சியோடு நிற்கிறது.

அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டில் 'கிரேடு 2' என்று பார்த்துப் பதறி வருகிறவர்கள் உண்டு. அது படத்தில் சிறுநீரகம் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதற்கான தரம்; நோயின் ஸ்டேஜ் வேறு. சிறுநீரகம் சுருங்கியிருந்தால் பழைய தழும்பு நிறைய என்று சொல்லலாம். அது தெரிவதற்குள் காலம் கடந்திருக்கும்.

உங்களுக்கு இப்போது வேண்டியது இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு), சிறுநீரில் புரதத்தின் அளவு, ரத்த அழுத்தம் மூன்றும் எந்தப் பக்கம் போகின்றன என்பதுதான். ஒரே லேபில் எடுங்கள். முந்தின நாள் மட்டன் வேண்டாம். கிரியேட்டினினைச் சற்று ஏற்றிக் காட்டும். புரதமோ கிரியேட்டினினோ திடீரென எகிறினால், பயந்தாலும் மறு பயாப்சிக்குச் சம்மதியுங்கள். மருந்தால் அடங்கும் அழற்சியா, ஆறிப்போன தழும்பா என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கு வேறு வழியில்லை.