பிள்ளையைச் சோதிப்பதா, கவனிப்பதா?



ஆண்டு முடியும் காலத்தில் மருதமுனை முதல் நிந்தவூர் வரை கடற்கரை ஊர்களில் சென்று பாருங்கள். மண்டபத்துக்கு மண்டபம் பாலர் பாடசாலைகளின் விடுகை விழா நடந்துகொண்டிருக்கும். கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் அணிந்த ஐந்து வயதுப் பட்டதாரிகள் மேடையில் வரிசையாக நிற்பார்கள். அம்மாமாரும் உம்மாமாரும் முன்வரிசையில் நின்று படம் பிடிப்பார்கள். பார்க்க இனிமையான காட்சிதான். அதைக் குறை கூறுவது நமது நோக்கமன்று.

ஆயினும் சில இடங்களில் அன்றைய தினம் பெற்றோர் கையில் ஒரு மட்டையும் கொடுக்கப்படுகிறது. அதில் தமிழுக்கு இத்தனை, கணிதத்துக்கு இத்தனை, மொத்தம் இத்தனை, வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று எழுதியிருக்கும். மேடையில் சிரித்த பிள்ளை வீட்டுக்கு வரும் வழியில் அழுவது இந்த மட்டையினால்தான். "பக்கத்து வீட்டுப் பிள்ளை முதலாம் பிள்ளை, நீ பதினேழாம் பிள்ளையா?" என்று நாம் கேட்டுவிடுகிறோம். ஐந்து வயது நிரம்பாத பிள்ளையிடம் கேட்கத்தக்க கேள்வியா இது? இவ்வாரம் இதனைச் சற்று ஆராய்வோம்.

மட்டை சொல்லாதவை

ஒரு சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள். 'அ' முதல் 'ஔ' வரை எழுதும்படி அவனிடம் தாள் கொடுக்கப்படுகிறது. அவன் நான்கு எழுத்துகளை எழுதிவிட்டு யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு நூற்றுக்கு முப்பது. அந்த முப்பது எதைக் காட்டுகிறது? எழுத்து தெரியாததையா? தெரிந்தும் விரல்கள் பென்சிலைப் பிடிக்குமளவு இன்னும் பலப்படாததையா? முதல் நாள் இரவு காய்ச்சலாய்க் கிடந்ததையா? ரீச்சர் சொன்னது காதில் சரியாக விழாததையா? எதுவாயிருந்தாலும் மட்டையில் வருவது அதே முப்பதுதான்.

இதே சிறுவன் வீட்டில் வாப்பா கரைவலையில் கொண்டுவந்த மீன்களை இனம் இனமாகப் பிரித்து அடுக்குகிறான். இது பெரிது, இது சிறிது என்று ஒப்பிடுகிறான். தங்கைக்கும் ராத்தாவுக்கும் குறையாமல் பங்கு வைக்கிறான். கணிதத்தின் அத்திவாரம் இதுவன்றி வேறென்ன? ஆனால் அந்தத் தாளில் இதற்கு இடமில்லை. பெரியவர்களின் அறிவை எழுத்துச் சோதனை ஓரளவு அளக்கலாம். சிறுபிள்ளையின் அறிவு அதன் கையிலும் காலிலும் நாவிலும் விளையாட்டிலும் இருக்கிறது. அதை அறிய வேண்டுமாயின் அதன் அருகிலிருந்து பார்க்க வேண்டும்.

பார்த்துக் கற்ற மருத்துவர்

நம்மூர்களில் பாலர் பாடசாலையை 'மொண்டிசோரி' என்றே பலர் அழைக்கிறார்கள். அந்தப் பெயருக்குரிய மரியா மொண்டிசோரி இத்தாலி நாட்டுக் கத்தோலிக்கப் பெண்மணி, மருத்துவம் பயின்றவர். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி, உரோமை நகரில் சான் லொறென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் சிறுபிள்ளைகளுக்கான இல்லமொன்றை ஆரம்பித்தார். ஒரு வைத்தியர் நோயாளியை எவ்வளவு பொறுமையாகப் பார்த்துக் குறிப்பெடுப்பாரோ, அவ்வாறே இவர் ஆரோக்கியமான பிள்ளைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்.

அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையிலிருந்த துளைகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்தி முடித்ததும் கலைத்தாள், மீண்டும் பொருத்தினாள். மொண்டிசோரி எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிநின்று பாடச் சொன்னார். சிறுமியைக் கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவளோ தன் வேலையை விடவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்து முடித்தபின், நித்திரை தெளிந்தவள்போல் முகம் மலர்ந்து எழுந்தாள். சிறுபிள்ளைக்குக் கவனம் நிலைக்காது என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஏற்ற வேலை கிடைத்தால் நிலைக்கும் என்பதை அந்தப் பிள்ளை காட்டிக் கொடுத்தாள். பார்க்க ஒருவர் இருந்தபடியால் அது உலகுக்குத் தெரிந்தது.

1939இல் மொண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். உலகப் போரின் காரணமாகத் திரும்ப முடியாத அவர், 1942 முதல் சுமார் இரண்டாண்டுகள் கொடைக்கானலில் தங்கியும் சிறுவர் மத்தியில் பணிபுரிந்தார். இன்று அவரது பெயர்ப்பலகை நம் தெருக்களில் நிறைய உண்டு. அவருடைய பொறுமையான பார்வை எத்தனை இடங்களில் உண்டு என்பதே கேள்வி.

நம் நாட்டு ஏற்பாடு

இது பிற நாட்டார் கொள்கை மாத்திரம் என்று எண்ண வேண்டாம். நமது அரசின் ஏற்பாடும் இதுவே. 1998இல் கம்பஹா மாவட்டத்திலும் 1999இல் நாடு முழுவதிலும் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முதலாம் ஆண்டுக்கு வரும் பிள்ளைக்கு நுழைவுச் சோதனை வைப்பதில்லை. ஆரம்ப நாட்களில் விளையாட்டுகளிலும் செயல்களிலும் ஈடுபடுத்தி, ஆசிரியர் பார்த்துப் பார்த்து அப்பிள்ளையை இனங்காண வேண்டும் என்பதே ஏற்பாடு. முதலிரண்டு ஆண்டுகளில் வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டுக்கே முதலிடம். எழுத்து வேலை அதற்குப் பின்னர்தான்.

பாடசாலை வாசலில் பிள்ளையை இவ்வாறு ஏற்க வேண்டுமென்றால், அதற்கு முன்பே பாலர் பாடசாலையில் சோதனை வைத்து வரிசைப்படுத்துவது யாருக்காக? உண்மையைச் சொன்னால், பெற்றோராகிய நமக்காகவே. நாம் கொடுக்கும் மாதப் பணத்துக்குக் கணக்குக் கேட்கிறோம். நிர்வாகத்தினர் மதிப்பெண்ணில் கணக்குக் காட்டுகிறார்கள். பாரம் மாத்திரம் பிள்ளையின் தலையில் விழுகிறது.

கவனிப்பது எப்படி?

கவனித்தல் என்பது சும்மா பார்த்துக்கொண்டிருப்பதன்று. அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு.

முதலாவது, கண்டதை எழுத வேண்டும், தீர்ப்பை எழுதக்கூடாது. 'இவள் பிடிவாதக்காரி' என்பது தீர்ப்பு. 'காலை ஒன்பது மணிக்கு மணல் விளையாட்டை நிறுத்தச் சொன்னபோது சிரட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். இன்னும் ஒரு தடவை என்று அனுமதித்ததும் தானாகவே எழுந்து வந்தாள்' என்பது கண்டது. முதலாவதைப் படிப்பவருக்குப் பிள்ளைமேல் வெறுப்பு வரும். இரண்டாவதைப் படிப்பவருக்கு, இப்பிள்ளையை எவ்வாறு நடத்தலாம் என்ற வழி தெரியும்.

இரண்டாவது, பல நாள், பல இடம், பல வேளை பார்க்க வேண்டும். ஒரு நாள் பேசாதவன் ஊமையல்லன். வகுப்பில் பேசாத பிள்ளை ஊஞ்சலடியில் ஓயாமல் பேசக்கூடும்.

மூன்றாவது, பிள்ளையை முழுமையாகப் பார்க்க வேண்டும். ஓட்டம், பாய்ச்சல், விரல்களின் திறன் ஆகிய உடல் வளர்ச்சி ஒன்று. கேட்டலும் பேச்சும் ஒன்று. காரணம் தேடி அறியும் அறிவு ஒன்று. மற்றவரோடு சேர்தல், கோபத்தை அடக்குதல், ஆறுதல் கூறுதல் என்பன ஒன்று. பாட்டு, சித்திரம், கற்பனை ஒன்று. எழுத்தையும் எண்ணையும் மாத்திரம் பார்ப்பவர் ஐந்து அறையுள்ள வீட்டில் ஓர் அறையைப் பார்த்துத் திரும்புகிறார்.

நோன்பு மாதத்தில் நான்கு பிள்ளைகள் சேர்ந்து மணலில் 'கஞ்சி காய்ச்சும்' விளையாட்டை எண்ணிப் பாருங்கள். ஒருத்தி சிரட்டைகளை வரிசையாக வைத்து எண்ணுகிறாள். ஒருவன் அடுப்புக்குக் கல் தேடி மூன்று சமமானவற்றைத் தெரிகிறான். மற்றவள், "வரிசையில நில்லுங்க, மறுகா தாறன்" என்கிறாள். நான்காவது பிள்ளை தூர நின்று பார்க்கிறது. பத்து நிமிடத்தின் பின் ஒரு குச்சியைக் கொண்டுவந்து கிண்டத் தொடங்குகிறது. எண், அளவு, மொழி, ஒழுங்கு, கூச்சத்தை வெல்லுதல் யாவும் அந்தக் கால்மணி நேரத்தில் உண்டு. ரீச்சர் கையில் ஒரு சிறு கொப்பி இருந்தால் நான்கு வரியில் அதை எழுதி வைக்கலாம். திகதியுடன் அத்தகைய குறிப்புகளும், பிள்ளை வரைந்த படங்களும் ஒரு கோப்பில் சேருமாயின், ஆண்டு முடிவில் அதைவிடச் சிறந்த அறிக்கை எது?

வீட்டு மொழியை மதிப்போம்

மேலே அச்சிறுமி சொன்ன 'மறுகா' என்ற சொல்லைப் பாருங்கள். 'பிறகு' என்பதற்கு நம் கிழக்கில் வழங்கும் சொல் அது. திரும்பு என்பதைக் 'கிறுகு' என்பதும் நம் வழக்கே. ஒரு பிள்ளைக்குத் தாய் 'உம்மா', மற்றதற்கு 'அம்மா'. பாடப்புத்தகச் சொல்லைச் சொல்லவில்லை என்பதற்காக 'மொழி வளர்ச்சி குறைவு' என்று எழுதுவது அநீதி. பிள்ளை தன் எண்ணத்தைத் தன் வீட்டு மொழியில் தெளிவாகச் சொல்கிறதா என்பதே முதற் கேள்வி. பொதுத்தமிழ் பின்னர் வந்துசேரும்.

வீட்டாரையும் கேட்க வேண்டும். நமது கரையோரத்தில், தமிழர் மத்தியிலும் முஸ்லிம்கள் மத்தியிலும், மகளுக்கு வீடு கொடுத்து மருமகன் அவ்வீட்டுக்கு வரும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆதலால் பல பிள்ளைகள் தாய்வழிப் பாட்டியின் கண்முன்னே வளர்கின்றன. அந்த மூதாட்டி காணாத எதையும் எந்தப் படிவமும் காணப்போவதில்லை. அவரைக் கூப்பிட்டுக் கதைக்காத பாலர் பாடசாலை, பாதிப் பிள்ளையைத்தான் அறிந்திருக்கிறது.

கவனித்தல் காப்பாற்றும்

கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளையை 'அடங்காதவன்' என்று மூலையில் இருத்துகிறோம். முகத்தை நேரே பார்த்துச் சொன்னால் செய்கிறான், முதுகுப்புறம் நின்று சொன்னால் செய்வதில்லை என்று ரீச்சர் ஒருவர் குறித்து வைத்தால், அது காதுக் குறையாக இருக்கலாம் என்ற எண்ணம் வரும். அடிக்கடி சளியும் காது நோவும் வந்த பிள்ளைக்குக் கேட்டல் குறைவது அரிதன்று. தக்க வேளையில் வைத்தியரிடம் காட்டினால் பெரும்பாலும் சீர்செய்யக் கூடியது. பிறந்தவுடன் தாயின் கையில் கொடுக்கப்படும் சுகாதாரப் பதிவேட்டில் நிறை, தடுப்பூசி ஆகியவற்றோடு வளர்ச்சிப் படிகளும் உண்டு. அலுமாரியில் பூட்டி வைக்காமல் அதை எடுத்துப் பாருங்கள். ஐயமிருந்தால் மருத்துவமாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள்.

மனக்காயமும் அப்படியே. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். இத்தகைய பேரிடரைக் கண்ட சிறுபிள்ளைகள் அதைச் சொல்லில் சொல்வதில்லை. அலையை வரைவார்கள், வீடு கட்டி இடிப்பார்கள், மீண்டும் கட்டுவார்கள். இதை அறிந்தே, போர்க்காலத்தில், 1996இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா ஆரம்பிக்கப்பட்டது. இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் அதன் பின்னால் நின்றார்கள். தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் ஒன்றாய் வந்து மண்ணிலும் நிறத்திலும் கதையிலும் தம் துயரை இறக்கி வைத்தார்கள். அங்கு வந்தவர்கள் பாலர் வகுப்பைக் கடந்தவர்கள். ஆயினும் பாடம் நமக்கும் உரியது: விளையாட்டு பிள்ளையின் பேச்சு. கேட்கத் தெரிந்தவருக்கு அது கேட்கும்.

ஓர் எச்சரிக்கை

கவனித்தலும் தவறாய்ப் போகலாம். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட முடிவை நோக்குங்கள். தனியே நடக்கத் தொடங்கும் வயது 8 மாதத்துக்குச் சற்று மேலிருந்து 17 மாதம் கடந்தும் இருந்தது. எல்லாரும் சுகமான பிள்ளைகளே! ஆகவே வளர்ச்சிப் பட்டியலை வைத்துக்கொண்டு 'என் பிள்ளை பிந்திவிட்டது' என்று கலங்குவதும், 'உன் பிள்ளை மந்தம்' என்று பெயர் சூட்டுவதும் வேண்டாம். ஒரு பிள்ளையை அதன் நேற்றைய நிலையோடு ஒப்பிடுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். குறிப்புகளை ஊரெல்லாம் காட்டவும் வேண்டாம். அவை ரீச்சருக்கும் பெற்றோருக்கும் மாத்திரம் உரியவை.

நாற்பது பிள்ளைகளை ஒரே ரீச்சர் எப்படிக் கவனிப்பார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சொற்ப வேதனத்தில் உழைக்கும் அச்சகோதரிகள்மேல் புதிய சுமையை ஏற்றுவது தகாது. நாளொன்றுக்கு மூன்று பிள்ளைகள், பிள்ளைக்கு நான்கு வரி என்று வைத்தால், இருபது பாடசாலை நாட்கள் முடியுமுன் எல்லாரையும் ஒரு முறை பார்த்துவிடலாம். மதிப்பெண் தாள்கள் திருத்தும் நேரம் மிச்சமாகும். நாம் மட்டையைக் கேட்பதை நிறுத்தினால், அவர்களுக்குக் கொப்பியை எடுக்க வசதியாகும்.

பெற்றோரே, அடுத்த முறை பாலர் பாடசாலை வாசலில் நிற்கும்போது, "என்ன மார்க்ஸ் எடுத்தான்?" என்று கேட்காமல், "இன்று யாரோடு விளையாடினான், ரீச்சர்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியிலிருந்து பல மாற்றங்கள் ஆரம்பமாகும்.

குடும்பமாய்ச் சிந்திக்க

1. இவ்வாரம் ஒரு நாள், பத்து நிமிடம், குறுக்கே பேசாமல் உங்கள் பிள்ளை விளையாடுவதைப் பாருங்கள். கண்டதை மாத்திரம் எழுதுங்கள்.

2. எழுதியதில் எத்தனை வரி கண்டது, எத்தனை வரி தீர்ப்பு என்று கணவனும் மனைவியும் சேர்ந்து பிரித்துப் பாருங்கள்.

3. உங்கள் பிள்ளைக்கு வீட்டில் யாராவது சூட்டிய பட்டப்பெயர் உண்டா? அது பிள்ளையைப் பார்த்துச் சொன்னதா, பார்க்காமல் சொன்னதா?