பால்சா விமானமும் நம் பால்மரமும்



லூமுட் கடற்கரையில் கப்பல்களைக் கண்டு பழகியவர்கள் நாம். இன்று சற்றே வானை நோக்குவோம். மெல்லிய மரத்தால் செய்யப்பெற்று, ரப்பரின் விசையால் பறக்கும் பொம்மை விமானத்தின் வரலாற்றை அறிவோம். அவ்வரலாற்றில் நம் பெரியோர் சீவிய பால்மரத்திற்கும் பங்கு உண்டு.

ரப்பர் தந்த விசை

1871 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரப் பூங்கா ஒன்றில், அல்போன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர் ஒரு சிறு மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். முறுக்கிய ரப்பர் விரியும்போது அதன் விசிறி சுழன்றது. விமானம் 11 விநாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் தூரம் சென்றது.

1877 இல் நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் பால்மரக் கன்றுகள் நடப்பட்டன. அதற்கு அடுத்த ஆண்டில், அமெரிக்காவில் ஒரு தந்தை தம் மைந்தர் இருவருக்கும் ரப்பரால் இயங்கும் பறக்கும் பொம்மை ஒன்றை வாங்கி வந்தார். அது உடைந்தபின், அச்சிறுவர்கள் அதைப் போலவே தாமும் செய்து பார்த்தனர். அவர்களே 1903 டிசம்பர் 17 அன்று எஞ்சின் பூட்டிய விமானத்தில் பறந்து காட்டிய ரைட் சகோதரர்கள்.

பால்சா மரம்

பால்சா, தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில் மிகுதியாக வளர்வது. ஸ்பானிய மொழியில் 'பால்சா' என்றால் தெப்பம். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ; அதே அளவு பால்சாவோ ஏறத்தாழ 160 கிலோதான். இலேசாயினும் உறுதியானது, சிறு கத்தியால் எளிதில் வெட்டலாம்.

கில்லோவின் தொழில்

முதல் உலகப் போரில் விமானியாக இருந்த பால் கே. கில்லோ என்பவர், 1926 இல் அமெரிக்காவின் வேக்பீல்டு என்னும் ஊரில் பொம்மைத் தொழிலைத் தொடங்கினார். 1927 இல் லிண்ட்பர்க் தனியொருவராக அட்லாண்டிக் பெருங்கடலைப் பறந்து கடந்தார். சிறுவர் உள்ளங்களில் விமான ஆசை பெருகியது. கில்லோவின் பால்சா மாதிரிகள் பத்து காசு விலையில் விற்பனையாயின.

இரண்டாம் உலகப் போரின்போது பால்சா போர்த்தேவைக்குச் சென்றது. பிரிட்டனின் 'மோஸ்கிட்டோ' போர் விமானத்திலும் அது பயன்பட்டது. பொம்மை செய்வோர் மாற்றுப் பொருள்களைத் தேட நேர்ந்தது. போருக்குப்பின் பிளாஸ்டிக் மாதிரிகள் போட்டியாக வந்தன. கில்லோ நிறுவனம் சோர்ந்துவிடவில்லை. கையால் வீசிப் பறக்கவிடும் மலிவான விமானங்களில் கருத்தைச் செலுத்தி நிலைத்தது.

நாமே அறியும் பாடம்

இவ்விமானத்தின் இறக்கையை முன்னே நகர்த்தினால் மூக்கு மேலெழும். பின்னே நகர்த்தினால் தாழும். எடை சமநிலையில் இருந்தால்தான் விமானம் சீராகச் செல்லும். அட்டையில் ஒன்று செய்து, மூக்கில் சிறிது களிமண் ஒட்டி, கூட்டியும் குறைத்தும் வீசிப் பாருங்கள். விழுந்தால் ஏன் விழுந்தது என்று எண்ணுங்கள். அவ்வெண்ணமே அறிவியலின் முதற்படி.

பெற்றோர்களே! நம் வட்டாரத் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கின்றது. ஆயினும் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களின் பொறுமை நம் இல்லங்களை விட்டு அகலவில்லை. பிள்ளை ஒரு பொம்மையைப் பிரித்துப் பார்த்தால் கடிந்துகொள்ள வேண்டா. மீண்டும் பூட்டக் கற்றுக்கொடுப்போம்.

வினாக்கள்

1. பெனோவின் விமானம் எதன் விசையால் பறந்தது?
2. விமானம் செய்யப் பால்சா ஏன் ஏற்றது?
3. இறக்கையை முன்னே நகர்த்தினால் என்ன நிகழும்? செய்து காட்டுக.